அழிச்சத கேக்கக்கூடாது

சுடலைமுத்து அண்ணே கம்பத்துல ஏறாம மாடிப்படில ஏறி வாராருன்னா ஏதோ வெளங்காத சேதின்னு அர்த்தம். டெலிபோன் லைன்ல கோளாறுன்னா மனுசன் நேரா கம்பத்துல ஏறுவாரு, எதையோ முறுக்குவாரு, அங்கருந்தே "சரியாயிட்டு பிள்ளே!"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு சைக்கிள எடுத்துட்டு போயிக்கிட்டே இருப்பாரு. அன்னைக்கி காலைல பத்தரைக்கி ஐஸ் கம்பெனி மாடிப்படில அவரு செருப்பு சத்தம் கேட்டதுமே பிலோமினா கீபோர்டுலருந்து கைய எடுத்துட்டா.

வந்தாரு. ஸ்டூல்ல உக்காந்தாரு. தொப்பிய கழத்தி முழங்கால்ல மாட்டுனாரு.

"முப்பதாந்தேதியோட எக்சேஞ்ச மூடுதாவ பிலோ. காப்பர் கம்பி பூராத்தையும் உருவிரப் போறாவளாம்."

"பூராத்தையுமா?"

"உங் கம்பியையுந்தான். நாந்தான் வந்து கழத்தணுமாம். ஆர்டர்ல எம் பேரே போட்டிருக்கு."

பிலோ செவுத்தோரமா இருந்த கம்ப்யூட்டர தடவிக்குடுத்தா, காச்சல்ல கெடக்குற பிள்ளைய தடவுற மாதிரி.

அந்த கம்ப்யூட்டருக்கு பிலோவ விட வயசு ஜாஸ்தி. இவளுக்கு இருவத்தஞ்சு, அதுக்கு முப்பத்தெட்டோ என்னமோ. சூடாயிரக்கூடாதுன்னு அதோட முதுக ஐஸ் ரூமு செவுத்தோட ஒட்டி வச்சிருந்தா. செவுத்துக்கு அந்தப்பக்கம் ஐஸ் பாளம், இந்தப்பக்கம் தூத்துக்குடில நாப்பத்தோரு பேரோட ரகசியம். ஒரு கம்ப்யூட்டரு, ஒரு மோடம், ஒரு டெலிபோன் லைனு. அவ்வளவுதான் சரக்கு. ஊருக்குள்ள எவன் வீட்டுல பழைய மோடம் இருக்கோ அவன் இந்த நம்பருக்கு அடிச்சா, கீ... கர்ர்ருன்னு ரெண்டு மிசினும் பேசிக்கிட்டு ஆள உள்ள விட்டுரும். அடுத்தவங்க போட்ட லெட்டர வாசிக்கலாம், நாமளும் எழுதலாம், பிலோ உக்காந்திருந்தான்னா அவகிட்ட வெட்டிப்பேச்சு பேசலாம். ஆனா ஒரு நேரத்துல ஒரு ஆளுதான். அவன் வச்சாத்தான் அடுத்தவன் வர முடியும். அதனாலதான் இந்த லெட்டர் பலகைக்கு, அதாவது போர்டுக்கு, பேரே ஒத்தக்கம்பி.

இந்த காலத்துல எதுக்கு இந்த கூத்துன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு காரணம் திருத்தி.

நெட்டு வழியா போற எதையும் இந்த திருத்திங்கிற கவர்மெண்டு மிசின் தொடாம விடாது. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி நெட்டுல ஒருத்தன ஒருத்தன் திட்டித் திட்டியே ஊரு ஊரா கலவரமாச்சுல்ல, அப்ப கொண்டாந்த சட்டம். நீங்க என்னத்த எழுதுனாலும் வழியில பிடிச்சி, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பூ வச்சித்தான் அந்தப்பக்கம் அனுப்பும். பேசுனாலும் அதே கததான். உங்க கொரல்லயே, உங்க இருமலோடயே, நீங்க பேசாத நல்ல வார்த்தையா பேசும். கலவரம் நெசமாவே நின்னுபோச்சு, அதையும் சொல்லணும். ஆனா எவன் மனசுல என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாம போச்சு. கோர்ட்டுல விவாகரத்துக்கு நிக்கிற ரெண்டு பேரு போனையும் வாங்கிப் பாத்தா மெசேஜ் எல்லாம் தேனா ஒழுகும், மூஞ்சிய பாத்தா ஒண்ண ஒண்ணு கடிச்சிரும் போல இருக்கும். இதுல பெரிய கூத்து என்னன்னா, எழுதுனவன் போன்ல எழுதுனது எழுதுனபடியே இருக்கும். அதனால அடுத்தவன் எழுதுறதுதான் மாறி வருதுன்னு எல்லாருக்கும் நெனப்பு. தன்னோடதும் மாறித்தான் போயிருக்குன்னு ஒருத்தனும் யோசிக்கிறதில்ல.

காப்பர் கம்பில மட்டும் திருத்தி கெடையாது. சாகப்போற கம்பிதானேன்னு யாரும் மெனக்கெடல.

ஜெபக்கனி அக்கா மூணு டீய தட்டுல வச்சி மேல ஏறி வந்துச்சு. ஐஸ் கம்பெனிக்கு மொதலாளி அதுதான். மாடி ரூம இவளுக்கு விட்டதும் அதுதான். சேதிய கேட்டதும் டீ தட்ட கீபோர்டு மேலயே வைக்கப் பாத்துச்சு.

"அப்ப அவ்வளவுதானாட்டி?"

"அவ்வளவு இல்லக்கா. ஒரு வழி இருக்கு. டெல்நெட்டு."

"அது என்ன எழவு?"

"இப்ப நீங்க ஒங்க வீட்டுலருந்து அடிக்கிறீங்க, இங்க மணி அடிக்கி, இது எடுக்கி. அந்த மணிய நெட்டு வழியா அடிக்க வைக்கலாம். நடுவுல ஒரு சின்ன பெட்டி. நெட்டுல யாராச்சும் வந்து தட்டுனா அந்தப் பெட்டி நம்ம கம்ப்யூட்டர்ட்ட, 'போன் அடிக்கி, எடு எடு'ன்னு பொய் சொல்லும். இந்த கெழட்டு மிசினுக்கு நெட்டுன்னா என்னன்னே தெரியாது. நெசமாவே போனுன்னு நெனச்சி எடுத்துரும்."

"பாவம்ட்டி அது."

"இதுல இன்னொண்ணு. ஊருக்காரங்க மட்டும் இல்ல, உலகத்துல எங்கருந்து வேணா வரலாம்."

சுடலைமுத்து அண்ணே டீய உறிஞ்சிட்டு, மெதுவா, "நெட்டுல போனா திருத்தி வந்துராதா பிள்ளே?"ன்னு கேட்டாரு.



"வந்துச்சுன்னா இந்த மிசின தூக்கி ஐஸ் தொட்டிக்குள்ள போட்டுருவேன் பாத்துக்கோ"ன்னுச்சு ஜெபக்கனி அக்கா. "எம் புருசன மனசார திட்டுறதுக்கு இந்த ஊருல மிச்சம் இருக்குற ஒரே எடம் இதுதான். அதுலயும் பூ வச்சி அனுப்புனா நான் எங்கட்டி போவேன்?"

"வந்தா பாத்துக்கிடலாம்க்கா. மொதல்ல மணி அடிக்கட்டும்."

அவ பரபரக்குறதுக்கு காரணம் வேற. அது ரெண்டு பேருக்கும் தெரியும். யாரும் கேக்கல.

அந்த காரணத்துக்கு பேரு கிளாட்சன். பிலோவோட அண்ணன். ஒரு வயசுதான் மூப்பு, அதனால அண்ணேன்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல, எலே கிளாடுதான். எட்டு வருசம் முன்னாடி ஒத்தக்கம்பிய ஆரம்பிச்சதே ரெண்டு பேரும் சேந்துதான். போர்டுக்குள்ள நொழஞ்சதும் மொத வரியா இப்பவும் ஒரு சட்டம் வரும், அது அவன் எழுதுனது: அழிச்சத கேக்கக்கூடாது.

அது என்னன்னா, போர்டுல நேருக்கு நேரா பேசும்போது, ஒரு ஆளு அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்கவே இந்தப்பக்கம் தெரியும். அடிச்சிட்டு யோசிச்சி அழிச்சா, அழியறதும் தெரியும். ஒருத்தன் எதையோ சொல்ல வந்து முழுங்கிட்டான்னு பாத்துட்டோம், நாம பாத்துட்டோம்னு அவனுக்கும் தெரியும். ஆனா கேக்கக்கூடாது. அதான் மரியாத. சுடலைமுத்து அண்ணே சம்சாரம் தவறுனப்ப, ஒரு மாசம் தெனமும் உள்ள வருவாரு. "அவ"ன்னு அடிப்பாரு. அழிப்பாரு. அஞ்சு நிமிசம் சும்மா இருப்பாரு. வச்சிட்டு போயிருவாரு. நாப்பது பேரும் லைன விட்டுக்குடுத்து காத்துக்கெடந்தாங்களே ஒழிய, ஒருத்தரும் என்னண்ணேன்னு கேக்கல.

நாலு வருசம் முன்னாடி கிளாட்சன் வெளிநாட்டுல, வடகடல்ல காத்தாலை டவரு வேலைக்கி போனான். அடுத்த வருசம் அப்பா தவறிட்டாரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவரு, டீ குடிக்க கீழ எறங்கி வந்தாரு, பெஞ்சுல உக்காந்தாரு, அவ்வளவுதான். அம்மா முன்னாடியே இல்ல. அடக்கத்துக்கு கிளாடு வந்துருவான்னு பிலோ காத்துக்கெடந்தா. கல்லற வாசல்ல நிக்கும்போது போன்ல மெசேஜ் வந்துச்சு.

"அப்பாவின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வருத்தமடைந்தேன். பணிச்சூழல் காரணமாக வர இயலவில்லை. மன உறுதியுடன் இருங்கள்."

பணிச்சூழலாம். அங்கனயே நின்னுக்கிட்டு, கைல ஒட்டுன மண்ணோட, பிலோ அடிச்சா: "நீ இனிமே இந்த வாசல மிதிக்காத. அப்பாவோட சேத்து ஒனக்கும் மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

பதில் வந்துச்சு. "நன்றி. நீங்களும் நலமாக இருங்கள்."

அந்த நன்றிதான் மூணு வருசமா மீன் முள்ளு மாதிரி தொண்டைல நிக்கி. அதுக்கப்புறம் கிறிஸ்மசுக்கு ஒரு வாழ்த்து, ஈஸ்டருக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். அவன் நெசமாவே நன்றின்னு எழுதுனானா? திமிருல எழுதுனானா? இல்ல வேற என்னத்தையோ எழுதி அது நன்றியா வந்துச்சா? இது தெரிஞ்சா போதும் அவளுக்கு. காயிதம் எழுதலாம்தான். வாசல மிதிக்காதன்னு சொன்னவ எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு காயிதம் எழுதுவா? காப்பர் கம்பியோ ஊரத் தாண்டாது, எக்சேஞ்சு வாசலோட சரி.

டெல்நெட்டு தாண்டும்.

நாலு நாளா சோறு தண்ணி மறந்து அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டுனா. மணி அடிக்கும், எடுக்காது. எடுக்கும், உள்ள விடாது. உள்ள விடும், கண்ட கண்ட குப்பையா எழுத்து கொட்டும். அப்புறம் வேகம் வேற. ஒத்த ஒத்த எழுத்தா அனுப்புனா பெட்டி திணறுச்சு. ஒரு முழு வரி சேர்ற வரைக்கும் பொறுத்து, மொத்தமா அனுப்புனா வழுக்கிக்கிட்டு போச்சு. அதனால வரி வரியா அனுப்புன்னு வச்சா. ரொம்ப புத்திசாலித்தனமா பண்ணிட்டதா நெனப்பு வேற.

அஞ்சாவது நாளு மத்தியானம் ஜெபக்கனி அக்காவ கீழ ஆபீஸ்ல உக்கார வச்சி, நெட்டு வழியா உள்ள வரச்சொன்னா. மணி அடிச்சிச்சி. கெழட்டு மிசின் எடுத்துச்சு. பிலோ துள்ளிக் குதிச்சதுல மாடித் தரை அதிர்ந்துச்சு.

"எதையாச்சும் போர்டுல எழுதிப் போடுங்கக்கா!"ன்னு மேலருந்து கத்துனா.

அக்கா எழுதுச்சு. என்ட்டர தட்டுச்சு. மேல ஸ்கிரீன்ல, நாப்பத்தோரு பேரும் வாசிக்கிற பொதுப் பக்கத்துல, வந்து விழுந்துச்சு:

"என் கணவர் கடின உழைப்பாளி. தனித்துச் சிந்திப்பவர்."

பிலோவுக்கு சப்புன்னு ஆயிப்போச்சு. மெதுவா படில எறங்கி கீழ போயி, "அக்கா, நீங்க என்ன எழுதுனீங்க?"ன்னு கேட்டா.

"எம் புருசன் ஒரு கழுத, சொன்ன எதையும் கேக்க மாட்டான்னு எழுதுனேன். ஏண்ட்டி?"

திருத்தி வந்துட்டு. ஒத்தக்கம்பிக்குள்ளயே வந்துட்டு. அந்த அதிர்ச்சில அத அழிக்க மறந்துட்டு, சாயங்காலம் நெனப்பு வந்து பிலோ மேல ஓடுறதுக்குள்ள ஒருத்தன் மாத்தி ஒருத்தனா அஞ்சாறு பேரு வாசிச்சாச்சு, அதுல எவனோ நேரா போயி அக்கா புருசன் தங்கதுரைட்ட சொல்லியும் குடுத்தாச்சு.

மறுநாள் காலைல ஜெபக்கனி அக்கா மாடி ஏறி வந்த வரத்த பாத்து, மிசினு ஐஸ் தொட்டிக்குள்ள போகப்போகுதுன்னுதான் பிலோ நெனச்சா. அக்கா ஸ்டூல்ல தொப்புன்னு உக்காந்துச்சு.

"அந்த மனுசன் அழுதாருட்டி."

"அக்கா..."

"இருவத்திரெண்டு வருசத்துல ஒருநாளாச்சும் ஓம் வாயால இப்படி கேக்க மாட்டமான்னு இருந்தேன் கனின்னு சொல்லி அழுதாரு. காலைல எந்திரிச்சி அவரே டீ போட்டுட்டாரு. கழனித்தண்ணி மாதிரி இருந்திச்சி. நான் அத எழுதவே இல்லன்னு எப்படிட்டி சொல்ல?"

பிலோவுக்கு சிரிப்பும் வருது, பயமாவும் இருக்கு. "சொல்லிருங்கக்கா."

"நீ சொல்லுவியா?"

பிலோ திரும்பி முந்தின நாளு பதிவ ஸ்கிரீன்ல ஓட்ட ஆரம்பிச்சா, அக்கா மூஞ்சிய பாக்காம இருக்குறதுக்காகத்தான். அக்கா உள்ள வந்தது, பேரு குடுத்தது, மெனுல 'எ' அமுக்குனது. 'எ' அமுக்குனா எழுதுற பக்கம். வந்திருக்கு. சரியா வந்திருக்கு.

கை நின்னுபோச்சு.

"அக்கா, இந்த 'எ' மாறவே இல்லக்கா."

"அது ஒத்த எழுத்துட்டி. அதுல என்ன மாற?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்! ஒத்த 'எ'வ வச்சிக்கிட்டு அது என்ன பண்ணும்? திட்டுதா, கொஞ்சுதான்னு எப்படி தெரியும்? அதுக்கு ஒரு முழு வரி வேணும்க்கா. நாந்தான் கூறு கெட்டத்தனமா வரிய சேத்து வச்சி அது வாய்க்குள்ள ஊட்டிவிட்டுட்டேன்!"

அன்னைக்கி சாயங்காலமே அமைப்ப மாத்திட்டா. எழுத்துக்கு எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி கவர்ல போட்டு ஒட்டி அனுப்புற மாதிரி. பெட்டி திணறட்டும், போகட்டும். எழுத்த அழிக்கிற பட்டனும் அதே மாதிரி தனிக் கவர்ல போகும். அப்படின்னா எழுதுறது மட்டும் இல்ல, அழிக்கிறதும் கடல் தாண்டிப் போகும்.

சுடலைமுத்து அண்ணேக்கு ஒரே கவல. "கேசு கீசு ஆயிராதா பிள்ளே?"

"சட்டத்துல எழுதுன சேதிய திருத்தணும்னுதான் இருக்குண்ணே. நாம சேதியே அனுப்பலயே, ஒத்த எழுத்துதானே அனுப்புதோம்."

"நாளைக்கி அத கூட்டிக் கோத்து பாக்கக் கத்துக்கிடுவானுவளே."

"நாளைக்கித்தானே?"

அக்காவ மறுபடி கீழ உக்கார வச்சா. இந்தத் தடவ எழுத்து ஒண்ணொண்ணா, எறும்பு ஊர்ற மாதிரி வந்துச்சு. "எம் புருசன் ஒரு க". அங்க நின்னுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரல. அப்புறம் பின்னாலருந்து ஒவ்வொரு எழுத்தா அழிஞ்சிச்சி. ஒத்த எழுத்து மிச்சமில்லாம எல்லாம் போச்சு.

வேலை செய்யுது. பிலோ எதுவும் கேக்கல. அதானே சட்டம்.

அடுத்து கிளாடுக்கு சொல்லணும். எப்படி சொல்ல? போன்ல என்ன எழுதுனாலும் பூ வச்சித்தான் போகும். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு வெறும் நம்பர் மட்டும் அனுப்புனா. ஒத்தக்கம்பியோட நெட்டு விலாச நம்பரு, கூட ஒரு இருவத்திமூணு. டெல்நெட்டு வாசலுக்கு காலங்காலமா அதுதான் நம்பரு. நம்பர எந்த திருத்தியும் தொடாது. வாசல மிதிக்காதன்னு சொன்னவ வாசல் நம்பர அனுப்புதா, புரிஞ்சா வரட்டும்.

பதில் வரல. ஒரு நாளு, ரெண்டு நாளு, நாலு நாளு. ஒண்ணும் இல்ல.

முப்பதாந்தேதி வந்துட்டு. காலைலருந்து ஒவ்வொருத்தரா காப்பர் லைன்ல கடைசியா ஒருவாட்டி வந்து தலையக் காட்டிட்டு போனாங்க. பன்னெண்டு மணிக்கி சுடலைமுத்து அண்ணே கம்பத்துல ஏறுனாரு. ஜன்னல் வழியா பிலோவும் அவரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குற ஒசரம்.

"கழத்தவா பிள்ளே?"

"கழத்துங்கண்ணே."

மோடத்துல எப்பவும் எரியிற அந்த சின்ன செவப்பு வெளக்கு அணைஞ்சிபோச்சு. அண்ணே எறங்கி, மாடிப்படி ஏறி வந்து, ஒரு சாண் கம்பித்துண்ட மேச மேல வச்சாரு. "எல்லாத்தையும் எண்ணி ஒப்படைக்கணும். இது அறுந்து விழுந்துட்டுன்னு சொல்லிக்கிடுதேன்."

ஜெபக்கனி அக்கா சோறும் சாள மீன் கொழம்பும் கொண்டாந்துச்சு. மூணு பேரும் கம்ப்யூட்டரு முன்னாடியே உக்காந்து சாப்பிட்டாங்க. ரெண்டு மணி. ரெண்டே கால்.

ஸ்கிரீன்ல ஒரு வரி வந்துச்சு. மணி அடிக்கிறது.

பிலோ கைல சோத்துப் பருக்கையோட அப்படியே உறைஞ்சிட்டா. மிசின் எடுத்துச்சு. பேரு கேட்டுச்சு. ஒண்ணொண்ணா எழுத்து வந்துச்சு. கி. ளா. டு.

"கை கழுவுட்டி!"ன்னு அக்கா அதட்டுச்சு. பிலோ பாவாடைல தொடச்சிக்கிட்டு கீபோர்டுல கைய வச்சா. வச்சாளே தவிர ஒண்ணும் அடிக்க வரல. அந்தப்பக்கம் எழுத்து நகந்துச்சு.

"நான் நல்லா இருக்கே"

நின்னுச்சு. பின்னால போச்சு. ஒவ்வொண்ணா அழிஞ்சி, வெறும் "நான்" மட்டும் மிச்சம்.

சுடலைமுத்து அண்ணே எந்திரிச்சி ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. ஜெபக்கனி அக்கா வாயில கைய வச்சிக்கிட்டு அங்கனயே நின்னுச்சு. பிலோ மூச்ச இழுத்து விட்டா. எட்டு வருசமா நாப்பத்தோரு பேருல ஒருத்தரு கூட செய்யாதத செஞ்சா.

"என்னத்த அழிச்ச?"

"ஏட்டி, சட்டத்த மீறுத,"ன்னு அந்தப்பக்கத்துலருந்து வந்துச்சு.

"சட்டம் போட்டவனுக்கு சட்டம் கெடையாது. சொல்லு."

பெட்டி திணறித் திணறி எழுத்த கொண்டாந்து போட்டுச்சு. "நல்லா இருக்கேன்னு அடிச்சேன். மூணு வருசமா என்னத்த எழுதுனாலும் அப்படித்தானே ஒனக்கு வந்திருக்கும். கை தானா அடிச்சிட்டு."

"அப்பா அடக்கத்தன்னைக்கி என்ன எழுதுன?"

அடிச்சான், அழிச்சான், அடிச்சான். கடைசியா வந்துச்சு.

"பயமா இருக்குன்னு எழுதுனேன். டிக்கெட்டு கைல இருக்கு பிலோ, அப்பாவ பெட்டிக்குள்ள பாக்க பயமா இருக்கு, கால் நகர மாட்டேங்கி, வா லேன்னு நீ ஒரு வார்த்த சொல்லு வந்துருதேன்னு எழுதுனேன்."

பணிச்சூழல். இதத்தான் அது பணிச்சூழல்னு ஒரே வார்த்தையா அமுக்கிப்போட்டுருக்கு. வா லேன்னு ஒரு வார்த்த. ஒத்த வார்த்த. அதுக்கு பதிலா இவ அனுப்புனது என்ன? பிலோவுக்கு ஸ்கிரீனு கலங்கலா தெரிஞ்சிச்சி.

அந்தப்பக்கம் அவன் நிறுத்தல. "நீ பதில் போட்டிருந்த. இன்னும் வச்சிருக்கேன். டவரு மேல இருக்கும்போது எடுத்து வாசிப்பேன். உங்கள் நிலைமையைப் புரிந்துகொள்கிறேன். அப்பா உங்களை மன்னிப்பார். இந்த வாசல் உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்."

மிதிக்காதன்னு சொன்ன வாசல். அவ போன்ல இன்னைக்கும் மிதிக்காதன்னுதான் இருக்கு. அவன் போன்ல தெறந்திருக்கு.

பிலோ அடிச்சா. "அத நான் எழு". நின்னா.

"வேண்டாம்ட்டி,"ன்னு காதுகிட்ட வந்துச்சு ஜெபக்கனி அக்கா சத்தம். "அத நம்பித்தானே இருந்திருக்கான். எங்க வீட்டு மனுசன் மாதிரி நெனச்சிக்கிட்டே இருக்கட்டும். சொல்லாத."

அக்கா சொல்றதும் நியாயமாத்தான் பட்டுச்சு. பிலோ விரலு பின்னால போச்சு. எழு, நான், அத, எல்லாம் அழிஞ்சிச்சி. ஆனா ஒண்ண மறந்துட்டா. அழிக்கிறதும் கடல் தாண்டிப் போகுதுல்ல?

"நீ என்னத்த அழிச்ச?"

பிலோ அக்காவ திரும்பிப் பாத்தா.

"அத நீ எழுதல. அதானே?"

அக்கா "யேசுவே"ன்னுச்சு.

கிளாடு அடிச்சிக்கிட்டே இருந்தான். இப்ப அழிக்கவே இல்ல, தப்பும் தவறுமா வேகமா வந்துச்சு. "மொத நாளே தெரியும்ட்டி. ஜவ்வு மிட்டாய பிடுங்குனதுக்கு ஒரு வாரம் திட்டுனவ நீ. அப்பா அடக்கத்துக்கு வராததுக்கு ஒரு வார்த்த கூட திட்டலன்னா நம்புதாப்லயா இருக்கு? அம்புட்டு நல்லதா வந்திருக்குன்னா நீ எம்புட்டு கெட்டதா எழுதிருப்ப! அத நெனச்சித்தான் வரல. எவ்வளவு திட்டிருக்கன்னு தெரியாம எப்படிட்டி வாரது?"

"அப்புறம் எதுக்குலே அத எடுத்து எடுத்து வாசிச்ச?"

"அதுக்குள்ள எங்கயோ நீ இருப்பல்ல. தேடுவேன்."

பிலோ மூக்க உறிஞ்சிக்கிட்டு, மூணு வருசமா தொண்டைல நிக்கிறத அடிச்சா. "நன்றின்னு போட்டியே. அதுக்கு என்னலே எழுதுன?"

"திட்டுன்னு எழுதுனேன். மழுப்பாத பிலோ, என்னைய நல்லா திட்டிருட்டின்னு எழுதுனேன்."

பிலோ சிரிச்சாளா அழுதாளான்னு ஜெபக்கனி அக்காவுக்கே தெரியல. ஜன்னல் பக்கம் திரும்பி நின்ன சுடலைமுத்து அண்ணே, திரும்பாமலே, "என்ன சொல்லுதான்?"ன்னாரு.

"திட்டச் சொல்லுதாண்ணே."

"அப்ப திட்டு பிள்ளே. எதுக்கு பாக்க?"

பிலோ விரல் முட்டிய ஒவ்வொண்ணா சொடக்கு எடுத்தா. நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டா. ஆரம்பிச்சா.

"எலே கிளாடு, கூறு கெட்ட மூதி,"

அதுல தொடங்குச்சு. கல்லற வாசல்ல தனியா நின்னது, அப்பா பெட்டிய தூக்குறதுக்கு ஒரு தோளு கொறஞ்சி சுடலைமுத்து அண்ணே வந்து பிடிச்சது, மூணு கிறிஸ்மசுக்கு ஒத்தையில கேக்கு வெட்டுனது, பயமா இருக்குன்னா காயிதத்துல எழுதித் தொலைச்சிருக்க வேண்டியதுதானலே காட்டுப்பயலே, எனக்கு மட்டும் பயமா இல்லையா, எனக்கு மட்டும் அது அப்பா இல்லையான்னு, எழுத்துக்கு எழுத்து, தனித்தனிக் கவர்ல, கடல் தாண்டிப் போச்சு. அவன் குறுக்க ஒரு எழுத்து அடிக்கல. வெளிய மிச்ச ஆளுங்க எல்லாரும் புதுசா நெட்டு வழியா வந்து வந்து தட்டிப் பாத்துட்டு, லைன் பிசின்னு திரும்பிக்கிட்டு இருந்தாங்க. என்னதான் உலகத்துக்கே தெறந்துவிட்டாலும் உள்ள ஒரு நேரத்துல ஒரு ஆளுதானே.

மூணரை மணிக்கி ஜெபக்கனி அக்கா சாப்பாட்டுத் தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு எந்திரிச்சிச்சி.

"எங்கக்கா?"ன்னு திரும்பாமலே கேட்டா பிலோ.

"வீட்டுக்கு. அந்த மனுசன்ட்ட உள்ளத சொல்லிட்டு, ஒரு வாரமா வாய்க்குள்ளயே வச்சிருக்குற திட்ட திட்டிட்டு வாரேன். அவரு போடுற டீய வேற இன்னும் எத்தன நாளைக்கி குடிக்க?" படில பாதி எறங்கிட்டு நின்னுச்சு. "ஆனா உழைப்பாளின்னு வந்துச்சே, அது பொய் இல்லட்டி. அதையும் சொல்லிருதேன்."

பிலோ அடிச்சிக்கிட்டே இருந்தா. விரலு வலிக்க ஆரம்பிச்சப்பதான் கொஞ்சம் நிறுத்துனா. அந்தப்பக்கத்துலருந்து மெதுவா வந்துச்சு.

"முடிஞ்சிட்டாட்டி?"

"எங்க முடிய! இது பாதிதான். டிக்கெட்டு போட்டு வந்து சேருலே, மிச்சத்த வாசல்ல நிக்க வச்சி திட்டுதேன்."

இதுல ஒத்த எழுத்த கூட அவ அழிக்கல.